ஓடிக்கொண்டிருந்த பழைய கார் திடீரென நின்று, திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2003 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). மதிய வெயிலில் ஏசி போட்டு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று அணைந்துவிட்டது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்ந்தது. மெக்கானிக் பிளக், பேட்டரி, பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. இனி எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிறகு ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள், பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கிடக்கிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கோளாறு கையில் சிக்கும். அந்த நேரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிட இழுவிசை) ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பிரேக் வேலை செய்யும், ஆனால் காலில் பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியென்றால் ஸ்டியரிங்கும் கனக்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், நியூட்ரலில் போட்டு, வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டி உருளும்போது சாவியைக் கடைசிவரை திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவே வேண்டாம். அது வேறு வியாதி, ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள்.

சரி, வண்டி ஓரமாக நின்றாயிற்று. பானட்டைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அது எப்படி நின்றது என்று நினைத்துப் பாருங்கள். யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் போயிற்றா? பெரும்பாலும் மின்சாரக் கோளாறு: காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட் கரண்டைத் தருவது), சென்சார், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), இக்னிஷன் ஸ்விட்ச். இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி நின்றதா? பெட்ரோல் வரவில்லை. நிற்பதற்கு முன்பே பேட்டரி விளக்கு எரிந்து, ஹெட்லைட் மங்கி, ஹாரன் கம்மியிருந்ததா? ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, பேட்டரி இருந்தவரை ஓடியிருக்கிறது. நீங்கள் 'சட்டென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லாலேயே என் சந்தேகம் மின்சாரப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் வரிசையாகப் பார்ப்போம்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதா என்பது முதல் கிளைப் பாதை. உங்களுக்குச் சுற்றுகிறது. சுற்றாமல் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறவர்கள் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயரையும் இழுத்துப் பாருங்கள். இருபது வருட வண்டியில் அது போல்ட்டில் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மல்ட்டிமீட்டர் இருந்தால் நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இந்தப் பக்கம் இவ்வளவு போதும்.

செல்ஃப் சுற்றுகிறது என்றால் அதன் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல இன்ஜின் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும் இடத்தில் தடுத்துத் தடுத்து, 'கிர்ர்-கிர்ர்-கிர்ர்' என்று ஏற்ற இறக்கமாகக் கேட்கும். அந்தத் தடுப்பே இல்லாமல் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்) கேம் ஷாஃப்ட் சுற்றும் வண்டிகளில் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டர் சுற்றவில்லை என்றால் பெல்ட் போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பலவற்றில் கேம் தெரியும், அது நகர்கிறதா என்று பாருங்கள். பெல்ட் அறுந்தது என்று தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு டோவிங் வண்டிக்குச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் பெல்ட் அறுந்த பிறகு சுற்றினால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். உங்களுக்கு வண்டி தானாகத் திரும்ப ஓடியிருக்கிறது, ஆகவே பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கடைசியாக எப்போது மாற்றியது என்றே தெரியாத பெல்ட்டாக இருந்தால் இதைச் சாக்காக வைத்து மாற்றிவிடலாம். பெரும்பாலான மேனுவல்கள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன.

அடுத்தது மெக்கானிக்குகள் எப்போதும் கேட்கும் இரண்டு கேள்விகள்: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? இதற்கு விடை கண்டுபிடிக்க ஒரு பிளக் ஸ்பேனரும், ஒரு பழைய பிளக்கும், சும்மா உட்காராத ஒரு ஆளும் போதும்.

முதலில் காதால் கேளுங்கள். ஜன்னலை மூடி, ரேடியோவை அணைத்து, பின்சீட்டில் ஒருவர் காதைச் சாய்த்துக்கொள்ளட்டும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று முனகி அடங்க வேண்டும். அதே நேரத்தில் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்த விளக்கு பல்பு நன்றாக இருந்தும் எரியவே இல்லை என்றால் ஈசியூவுக்கே (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கரண்ட் போகவில்லை: மெயின் ரிலே, அதன் ஃப்யூஸ், இக்னிஷன் ஸ்விட்ச் என்று மூன்றே இடத்தில் தேடினால் போதும். விளக்கு எரிகிறது, பம்ப் மட்டும் முனகவில்லை என்றால் பம்ப் ரிலே, ஃப்யூஸ், பம்ப். பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும். ரிலேயின் அடியில் இருக்கும் கால்களின் எண்ணிக்கையும் அமைப்பும் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் சத்தமில்லை என்றால் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடிப்பக்கம் ரப்பர் சுத்தியலாலோ செருப்பாலோ நாலு தட்டு தட்டட்டும். உள்ளே மோட்டாரின் பிரஷ் தேய்ந்து நின்றிருந்தால் அந்த அதிர்ச்சியில் பிடித்துக்கொண்டு ஓடும். ஓடினால் பம்ப் மாற்ற வேண்டியதுதான், வீடு போய்ச் சேரத்தான் இந்த வித்தை. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும். அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

பம்ப் முனகுவதால் மட்டும் பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வருகிறது என்று ஆகாது. ஐந்தாறு நொடி செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும், கை பத்திரம். பிளக் முனை ஈரமாக, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. முனை எலும்பாகக் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி ரோட்டோரத்தில் கிடைக்காது. ஆனால் யாரும் இதைச் செய்வதில்லை, எல்லோரும் பானட்டைத் திறந்து ஒயரை ஆட்டிப் பார்ப்பதோடு சரி.

அப்புறம் அந்தப் பழைய பிளக்கை ஹை டென்ஷன் ஒயரில் (பிளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த ஒயர்) சொருகி, அதன் உலோக உடம்பை இன்ஜினின் வெற்று இரும்பில் அழுத்தமாகப் படும்படி வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீல நிறத்தில் 'டக் டக்' என்று வெட்ட வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தால் அது நல்ல ஸ்பார்க் இல்லை. ஒயரை வெறுமனே தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்காதீர்கள், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் செத்துவிடலாம். கையில் பிடித்துக்கொண்டு சோதிப்பது வீரம் இல்லை. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்கிற இடம் அது. பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் சோதனைப் பிளக்கை அதற்குத் தள்ளி வையுங்கள்.

இப்போது விடைகளைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை, ஆனால் பிளக் ஈரம் என்றால் காயில், இக்னைட்டர் (மேலே சொன்ன இக்னிஷன் மாட்யூல்தான்), ரோட்டர், ஹை டென்ஷன் ஒயர். ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது, பம்பும் ஓடவில்லை என்றால் பம்ப் பக்கம். ஸ்பார்க்கும் இல்லை, பம்ப் சாவி போட்டதும் முனகியும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால் கதை சுவாரஸ்யமாகிறது. இரண்டு தனித்தனிப் பாகங்கள் ஒரே நொடியில் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று போயிருக்கிறது. இன்ஜின் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது கிராங்க் சென்சார் (சில வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கேம் சென்சார் அந்த வேலையைச் செய்யும்). அது வாய் மூடினால் ஈசியூவைப் பொறுத்தவரை இன்ஜின் நின்றுபோயிற்று. ஸ்பார்க்கையும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது. ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சம்கூட அசையாமல் பூஜ்யத்திலேயே கிடப்பது இதற்கு நல்ல அடையாளம். உங்கள் 800-இல் அந்த மீட்டர் இல்லாமல் இருக்கலாம்.

'சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும்' என்பதுதான் உங்கள் கேள்வியின் சாவி. பழைய வண்டிகளில் சூட்டுக்கு ஓடி ஒளிந்துகொள்ளும் பாகங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். கிராங்க் சென்சாருக்குள் தலைமுடி போன்ற கம்பிச் சுருள்; வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து எங்காவது விரிசல் விட்டிருக்கும். சூடானால் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் சேரும். காயிலும் அதே மாதிரிதான். இக்னிஷன் மாட்யூலைப் பற்றிச் சொல்வதானால், அமெரிக்காவில் ஃபோர்டு 1980களில் அதை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியது, சூட்டில் வண்டிகள் நடுரோட்டில் நின்றன, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. நான்காவது, ரிலே. 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு வண்டிகளின் மெயின் ரிலே இதில் உலகப் புகழ் பெற்றது. உள்ளே இருக்கும் சால்டரிங் நுண்ணிய வட்டமாக வெடித்திருக்கும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் ஆகிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்து, திரும்ப ஈயம் வைத்தாலே சரியாகிவிடும். ஐந்தாவது, பெட்ரோல் பம்ப் மோட்டார்.

இக்னிஷன் ஸ்விட்சைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது சாவி நுழையும் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மின் தொடர்புப் பெட்டி. தேய்ந்துபோனால் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு நொடி அறும். ஒரு சாவியோடு வீட்டுச் சாவி, பைக் சாவி, பிள்ளையார் படம் எல்லாம் சேர்த்துத் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே மாதிரி ஒரு ஸ்விட்சுக்காகத்தான். ஓடும்போதே அது அணைந்து, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. கம்பெனியின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சோதிப்பது சுலபம்: இன்ஜின் ஓடும்போது, நின்ற வண்டியில், சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இன்னொரு அடையாளம், செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கும், சாவியை விட்டவுடன் அணையும்.

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பத்தி. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, பழைய 800 எல்லாவற்றிலும் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப். கோடையில், டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது அந்தச் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். நம் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். பம்ப் மேல் ஈரத் துணி போட்டு, பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது எல்லா டாக்ஸி டிரைவருக்கும் தெரிந்த வைத்தியம். பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் உலோக முனைகள்) வைத்த இக்னிஷன் என்றால் அதோடு சேர்ந்த கண்டன்சரும் சூட்டில் போகும். பாயிண்ட் முனை நீலமாகக் கருகியிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். எந்த வண்டியானாலும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளையோ வென்ட் பைப்போ அடைத்திருக்கிறது. பெட்ரோல் முள்ளையும் முழுசாக நம்பாதீர்கள். பழைய மிதவை கால் டேங்கில் சிக்கிக்கொண்டு கால் டேங்கென்றே காட்டும். இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

டீசல் வண்டிகளுக்கு ஸ்பார்க் பேச்சே இல்லை. பழைய இன்டிகா போன்றவற்றில் இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஸ்டாப் சாலினாய்ட் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) இருக்கும். சாவி போட்டால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் அடுத்த சந்தேகம் லைனில் காற்று. ஃபோர்டு, ஃபியட் வண்டிகள் பலவற்றில் இன்னொரு பொறி உண்டு. விபத்தில் பெட்ரோலை நிறுத்துவதற்கான இனர்ஷியா ஸ்விட்ச், பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் தட்டிவிடும். அதன் தலையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் போதும். இடம் எது என்று மேனுவலில் இருக்கும்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை என்று அடுத்து எழுதுவீர்கள். ஸ்கேனர் பேசுவதற்கான பொது முறையான ஓபிடி-2 இங்கே கட்டாயமானது 2013-இல். உங்கள் வண்டி அதற்குப் பத்து வருடம் மூத்தது, பொதுவான ஸ்கேனரோடு பேசாமலும் போகலாம். பேசினாலும், சூட்டில் அறுந்து ஆறியதும் சேரும் சென்சார் பல சமயம் ஸ்கேனருக்கு எந்தக் கோளாறுக் குறியீட்டையும் விட்டுவைப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்பார்கள். 20 சதவீதக் கலவை பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு நல்லதில்லை, துருப்பிடித்த டேங்கில் அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கவும் செய்யும். ஹோஸ் வெடித்திருக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த மாதிரிக் கோளாறில் வண்டி திணறித் திணறி நிற்கும், சட்டென்று அணையாது.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? செல்ஃப் சுற்றாதபோது மட்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்காத இன்ஜின் தள்ளினாலும் பிடிக்காது. எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். செல்ஃபையும் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், நடுவே அரை நிமிடமாவது ஆற விடுங்கள். பெட்ரோல் ஓவராகி பிளக் நனைந்துவிட்டால், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர் திறக்காது, காற்று மட்டும் போய் உலரும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் வண்டிக்கு என் வரிசை இது: முதலில் கிராங்க் அல்லது கேம் சென்சார், அடுத்து காயிலும் இக்னைட்டரும், அப்புறம் மெயின் ரிலே, கடைசியாகப் பம்ப். மாற்றியவற்றில் பிளக்கும் ஃபில்டரும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றிய வண்டிக்கு பேட்டரி மாற்றியதுதான் வீண் செலவு. அடுத்த முறை நின்றால் பம்ப் சத்தம், செக் இன்ஜின் விளக்கு, பிளக்கின் ஈரம், ஸ்பார்க், நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். நிற்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்க வைக்கலாம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சந்தேகப்படும் பாகத்தின்மேல் மட்டும் ஹேர் டிரையரால் சூடான காற்றைக் காட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பாகம். பெட்ரோல் பைப் பக்கம் காட்டக் கூடாது. எந்தப் பாகம் சூடேறியதும் வண்டி அணைகிறதோ, அதன்மேல் ஈரத் துணியைப் போட்டு ஆறவிட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அந்தப் பாகத்தைத் தைரியமாக வாங்கிப் போடலாம்.